தன்மை ஒருமை

பூர்க்டோர்ஃபில் ரயில் மாறி, பிறகு பேருந்து.
கடைசித் தரிப்பில் என்னோடு இறங்கியது
பனிமூட்டம் மட்டும்.
அடையாள அட்டை, கைப்பை, கைபேசி.
இடுப்புவாரின் கொக்கிக்கு இயந்திரம் கத்தியது. கழற்றினேன்.
கைகளை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினேன்.
மணிக்கணக்கில் சம்பளம்;
கதவுகளில் கழியும் நேரம் அதில் சேராது.

மொழிபெயர்க்க வருபவளுக்கு ஒரே விதி:
அவள் "நான்" என்றால் நானும் "நான்" என்பேன்.
"அவள் சொல்கிறாள்" என்று தொடங்கக் கூடாது.
ஆகவே அன்று காலை ஒன்பதேகாலுக்கு
தெளிவான ஜெர்மனில் நான் சொன்னேன்:
நான் சீட்டுப் பிடித்தேன்.
பதினேழு பேரின் கையெழுத்தை நானே போட்டு
வங்கிகளில் கடன் எடுத்தேன்.
என் மகனுக்குப் பதினான்கு மாதம்.
அவன் பிறந்தபோது என் கட்டிலருகே
சீருடையில் ஒருத்தி கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

(அந்தப் பதினேழில் ஒருத்தி என் மச்சாள்.
கோயில் மடப்பள்ளியில் கத்தரிக்காய் நறுக்கியபடி
"களவெடுத்தவளுக்குப் பிள்ளையும் ஒரு கேடோ" என்றவள்.
இதை நான் எந்த மொழிக்கும் மாற்றவில்லை.
சொல்லியிருக்க வேண்டும்.)

ஃபிராவ் ஸ்பிண்டன் தாளைப் புரட்டினார்.
மூன்று வயதுவரை அவன் இங்கே இருக்கலாம்.
அல்லது தூன் நகரில் தகப்பனின் தமக்கை:
மூன்றாம் மாடி, பால்கனி, பள்ளிக்குப் போகும் இரண்டு பெட்டைகள்.
எது பிள்ளையின் நலன்?
அவர் ஒரே சொல்லாய்ச் சொன்னதை
உடைத்துத்தான் தமிழில் வைக்க முடிந்தது:
பிள்ளை. நலன்.
நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது.

உளவியலாளர் ஏஷ்லிமன் வாசித்தார்:
எடை சரி. தூக்கம் நல்லது.
படியேறத் தெரியாது, இங்கே படிகள் இல்லை.
நாயைக் கண்டு அலறினான்.
சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் சிரிக்கிறான்.
சிரிப்பதைக் குறையாகச் சொன்னாரா, நிறையாகவா?
அவர் குரலில் தெரியவில்லை.
எனக்குத் தெரியாததை
அப்படியே அவளிடம் சேர்த்தேன்.

அவன் மேசைக்குக் கீழே
என் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.
எல்லாரும் அவனைப் பற்றியே பேசினோம்,
படர்க்கையில்.

யசோதினி தண்ணீரைத் தொடவில்லை.
"அவன் பக்கத்தில படுத்தாத்தான் எனக்கு நித்திரை வரும்.
அதுதான் பயமாக் கிடக்கு.
என்ர மறியலை அவனெல்லோ இருந்து கழிக்கிறான்.
ஆனா கொண்டுபோங்கோ எண்டு
என்ர வாயால சொல்லமாட்டன்.
நீங்கள் சொல்லுங்கோ.
உங்களுக்குத்தானே சம்பளம் தாறாங்கள்."

எந்த நீங்கள்?
மேசையில் நாலுபேர் இருந்தார்கள்.
அவள் கண் என்னில் இருந்தது.
ஜெர்மனிலும் அந்தச் சொல் ஒருவருக்கும் பொருந்தும், ஊருக்கும் பொருந்தும்.
அதன் பின்னால் ஒளிந்துகொண்டு
நாலுபேரையும் பார்த்துச் சொன்னேன்:
என் வாயால் நான் சொல்லமாட்டேன்.
குரல் உடைந்தது. அது விதியில் இல்லை.
ஸ்பிண்டன் ஒரு காகிதக் கைக்குட்டையை
அவளிடம் நீட்டுவதா, என்னிடமா என்று
ஒரு கணம் தடுமாறி
நடுவில் வைத்தார்.

முடிவு கடிதத்தில் வருமாம்.
நாற்காலிகள் நகர்ந்தன. எங்கோ ஒரு பூட்டு.
ஆரூஷ் மேசைக்கடியிலிருந்து தவழ்ந்து வந்து
என் முன்னால் எழுந்து நின்றான்,
கால்களைச் சற்று அகட்டி,
இரண்டு கைகளையும் மேலே விரித்து.

"பார், தூக்கச் சொல்கிறான்" என்றார் ஏஷ்லிமன்.
இருக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கேட்கும்.
காலையில் வாசலில்
நானும் அப்படித்தான் நின்றேன்.

தூக்கினேன். பத்துக் கிலோ இருப்பான்.
என் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தான்.
யசோதினி கை நீட்டினாள், கொடுத்தேன்.
பிறகு படிவத்தை நிரப்பினேன்:
ஒன்பதேகால் முதல் பத்தரை.
கையெழுத்து
என்னுடையதுதான்.